மாத்திரை போடுகிறவரின் உடம்பையும் பாருங்கள்



மனநோய்க்கு மருந்து சாப்பிடும் பிள்ளை வீட்டில் இருந்தால் உம்மா கவனிப்பது பெரும்பாலும் மூன்று விஷயங்களைத்தான். ராத்திரி தூங்கினானா, சாப்பிட்டானா, மாத்திரை போட்டானா? மூன்றும் ஒழுங்காக நடந்தால் அல்ஹம்துலில்லாஹ் என்று ஒரு மூச்சு விடுகிறோம். பல வருடம் அலைந்து, ஓதிப் பார்த்து, ஊர் ஊராகப் போய், கடைசியில் ஒரு டாக்டரிடம் நின்று, பிள்ளை கொஞ்சம் அமைதியான பிறகு வருகிற மூச்சு அது. அதைக் குறை சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

ஆனால் அந்த மாத்திரை மூளையில் மட்டும் வேலை செய்வதில்லை. பசியிலும் சர்க்கரையிலும் கொழுப்பிலும் சில சமயம் இதயத் துடிப்பிலும் கை வைக்கிறது. அதை யார் பார்க்கிறார்கள் என்று கேட்டால், பல வீடுகளில் யாரும் பார்ப்பதில்லை என்பதுதான் பதில். ஏன் பார்ப்பதில்லை என்பதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

முதலில் எந்த மருந்தைப் பற்றிப் பேசுகிறோம் என்று தெளிவாகச் சொல்லிவிடுகிறோம். காதில் குரல் கேட்பது, இல்லாத சந்தேகம், கட்டுக்கடங்காத வேகம் இவற்றுக்குக் கொடுக்கும் மருந்துகளை ஆன்டிசைக்கோட்டிக் என்பார்கள். மனச்சிதைவு நோய்க்கும் பைபோலார் என்கிற மனநிலைக் கோளாறுக்கும் இவை முக்கியமான மருந்துகள். ஓலான்சபின், ரிஸ்பெரிடோன், குவெட்டியாபின், குளோசபின், அமிசல்பிரைடு, அரிபிபிரசோல், ஹாலோபெரிடால் என்று பல பெயர்கள். அட்டையில் கம்பெனி பெயர் பெரிதாகவும் மருந்தின் பெயர் சிறியதாகவும் இருக்கும். சிறியதைப் படியுங்கள். எடையைக் கூட்டுவதில் ஓலான்சபினும் குளோசபினும் முன்னால் நிற்பவை. குவெட்டியாபினும் ரிஸ்பெரிடோனும் நடுவில். அரிபிபிரசோல், ஹாலோபெரிடால் இவற்றால் எடை கூடுவது பொதுவாகக் குறைவு. ஆனால் ஒவ்வொரு உடம்பும் ஒவ்வொரு மாதிரி.

எடை கூடுவது மருந்து ஆரம்பித்த முதல் சில வாரங்களிலேயே வேகமாக நடக்கும். அந்த நேரத்தில்தான் வீட்டில் எல்லோரும் சந்தோஷமாக இருக்கிறார்கள். எலும்பும் தோலுமாக, சாப்பிடாமல் மூலையில் கிடந்த பிள்ளை இப்போது இரண்டாவது தட்டு சோறு கேட்கிறான். கன்னம் உப்புகிறது. கல்யாண வீட்டில் பார்க்கிறவர்கள் எல்லாம் "மாஷா அல்லாஹ், தேறிட்டானே" என்கிறார்கள். உம்மா இன்னும் ஒரு கரண்டி நெய்ச்சோறு வைக்கிறார். முதல் தடை இதுதான். மருந்தின் பக்கவிளைவு நம் வீட்டில் நோய் குணமானதற்கு அடையாளமாகத் தெரிகிறது. எடையைப் பார்த்துக் கவலைப்பட வேண்டும் என்று அந்த உம்மாவிடம் சொல்ல எந்த நர்ஸுக்கும் மனம் வராது.

அதன் பிறகு இடுப்பு பெருக்கிறது. தாகம் கூடுகிறது. மருந்து வாயை வறட்டுவதால் பாட்டில் குளிர்பானமும், சீனி போட்ட டீயும் நாளுக்கு ஐந்தாறு தடவை. சில வருடத்தில் சுகர், பிரஷர், கொலஸ்ட்ரால். கடுமையான மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிட 10 முதல் 20 ஆண்டுகள் முன்னதாகவே இறந்துபோகிறார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. தற்கொலையும் ஒரு காரணம்தான். ஆனால் பெரிய பங்கு மாரடைப்பு போன்ற உடல் நோய்களுக்குத்தான்.

இதைப் படித்துவிட்டு யாரும் மாத்திரையைக் குப்பையில் போட்டுவிடக் கூடாது. ஃபின்லாந்து நாட்டில் மனச்சிதைவு நோயாளிகளை 11 ஆண்டுகள் கவனித்து 2009இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். மருந்து சாப்பிட்டவர்களைவிட, மருந்தே சாப்பிடாதவர்களிடம்தான் இறப்பு அதிகமாக இருந்தது. எடையை அதிகம் கூட்டும் குளோசபின் சாப்பிட்டவர்களிடம் இறப்பு மிகக் குறைவாக இருந்தது. மருந்தும் வேண்டும், கண்காணிப்பும் வேண்டும். ஒன்றுக்காக மற்றொன்றை விடுவதற்கில்லை.

என்ன பார்க்க வேண்டும்?

பெரிய மெஷின் எதுவும் வேண்டாம். அமெரிக்காவின் நீரிழிவுச் சங்கமும் மனநல மருத்துவர் சங்கமும் சேர்ந்து 2004இலேயே ஓர் அட்டவணை போட்டுக் கொடுத்தன. இன்றுவரை பல நாடுகளிலும் அதை ஒட்டித்தான் நடக்கிறது. மருந்து ஆரம்பிக்கும் முன் எடை, இடுப்பளவு, பிரஷர், வெறும் வயிற்றில் சர்க்கரை, கொழுப்பு, குடும்பத்தில் யாருக்காவது சுகர் அல்லது இதய நோய் உண்டா என்ற விசாரணை. எடையை 4, 8, 12ஆவது வாரங்களில் பார்த்து, பிறகு மூன்று மாதத்துக்கு ஒரு முறை. பிரஷர், சர்க்கரை, கொழுப்பு 3 மாதம் கழித்து ஒரு முறை. அதன் பிறகு பிரஷரும் சர்க்கரையும் வருடம் ஒரு முறையாவது. கொழுப்பை எத்தனை வருடத்துக்கு ஒரு முறை என்பதை டாக்டர் சொல்வார். சில மருந்துகளுக்கு இ.சி.ஜி.யும் தேவைப்படும்.

நம் நாட்டவருக்கு இடுப்பளவு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டினால் எச்சரிக்கை. வெறும் வயிற்றுச் சர்க்கரை 100க்குக் கீழே இருந்தால் நல்லது. 126 அல்லது அதற்கு மேல் என்றால் சுகர் நோய் என்று பொருள், இன்னொரு தடவை எடுத்து உறுதி செய்வார்கள். மருந்து ஆரம்பித்த எடையில் நூற்றுக்கு 5 பங்கு கூடிவிட்டால், அதாவது 60 கிலோ இருந்தவர் 63 ஆகிவிட்டால், டாக்டரிடம் சொல்ல வேண்டிய நேரம் வந்துவிட்டது. 90 கிலோ ஆகும்வரை காத்திருப்பது வீண்.

இவ்வளவு எளிதான காரியம் ஏன் நடப்பதில்லை?

இது யாருடைய வேலை என்பது முடிவாகவில்லை. மனநலப் பிரிவு ஒரு கட்டடத்தில் இருக்கிறது, சுகர் பிரிவு இன்னொரு கட்டடத்தில். மனநல டாக்டர் முன்னால் நூறு பேர் நிற்கிறார்கள். தூக்கம் எப்படி, குரல் கேட்கிறதா என்று கேட்டு, போன மாத மருந்தையே மீண்டும் எழுதுவதற்குள் நேரம் முடிந்துவிடுகிறது. எடையும் சர்க்கரையும் பொது டாக்டர் பார்த்துக்கொள்வார் என்று அவர் நினைக்கிறார். பொது டாக்டரோ சீட்டைப் பார்த்ததும் இது மனநல கேஸ், அங்கேயே எல்லாம் பார்ப்பார்கள் என்று நினைக்கிறார். இரண்டு பேரும் நல்லவர்கள்தான்; நடுவில் நிற்பது நம் பிள்ளை. நம் ஊரில் மட்டும்தான் இப்படி என்று எண்ண வேண்டாம். இங்கிலாந்தில் ஒவ்வொருவருக்கும் ஒரு குடும்ப டாக்டர் உண்டு, எல்லாம் கம்ப்யூட்டரில் பதிவு. அங்கேயே 2014இல் வெளிவந்த மனச்சிதைவு நோய்க்கான தேசியத் தணிக்கையில், எல்லா அளவுகளும் முறையாகப் பார்க்கப்பட்டவர்கள் மூன்றில் ஒரு பங்கு அளவுக்குத்தான் இருந்தார்கள்.

ஒரே ஒரு மருந்து மட்டும் இதற்கு விதிவிலக்கு. 1975இல் ஃபின்லாந்தில் குளோசபின் சாப்பிட்ட சிலர், இரத்தத்தில் வெள்ளை அணுக்கள் குறைந்து, தொற்று ஏற்பட்டு இறந்தார்கள். மருந்தையே பல நாடுகள் நிறுத்திவிட்டன. பிறகு வேறு மருந்து எதற்கும் அடங்காத நோய்க்கு இது மட்டும் கேட்கிறது என்று தெரிந்து, இரத்தப் பரிசோதனை நிபந்தனையோடு திரும்பக் கொண்டுவந்தார்கள். பொதுவாக முதல் 18 வாரம் வாராவாரம், பிறகு மாதாமாதம். அதனால் குளோசபின் சாப்பிடுகிறவருக்கு ரிப்போர்ட் இல்லாமல் மாத்திரை இல்லை என்று டாக்டர் கண்டிப்பாக இருப்பார், குடும்பமும் எப்படியாவது எடுத்துவிடும். ஓலான்சபினுக்கு அப்படி ஒரு நிபந்தனை யாரும் வைக்கவில்லை. அது கொடுக்கும் சுகர் மெதுவாக வருவதால் யாரும் பயப்படுவதில்லை. எங்களைக் கேட்டால், கண்டிப்பு இருக்கிற இடத்தில் ஏழைக் குடும்பமும் லேப் வாசலில் போய் நிற்கிறது என்பதே, இது முடியாத காரியம் அல்ல என்பதற்குச் சாட்சி.

அடுத்த தடை நம் வீட்டு வாசலிலேயே இருக்கிறது. ஆஸ்பத்திரிக்கு நோயாளி போவதில்லை. வாப்பா போகிறார். பழைய சீட்டைக் காட்டி "நல்லா இருக்கான் டாக்டர்" என்று சொல்லி மாத்திரை வாங்கி வருகிறார். வாப்பா வெளிநாட்டில் இருந்தால் மாமா போகிறார், அதுவும் முடியாதபோது மெடிக்கல் ஷாப்பில் மூன்று வருடத்துக்கு முன் எழுதிய சீட்டே போதுமானதாகிவிடுகிறது. பிள்ளையைக் கிளப்பி பஸ்ஸில் ஏற்றுவது எவ்வளவு கஷ்டம் என்று அனுபவித்தவர்களுக்குத் தெரியும். ஒரு நாள் கூலியும் போய்விடும். ஆனால் வராத ஆளின் எடையை எந்த டாக்டராலும் பார்க்க முடியாது. மூன்று மாதத்துக்கு ஒரு தடவையாவது ஆளைக் கூட்டிக்கொண்டு போங்கள்.

மறைப்பது இன்னொரு தடை. வீட்டில் கல்யாண வயதில் தங்கை இருக்கிறாள். காக்காவுக்கு இப்படி என்று தெரிந்தால் சம்பந்தம் நின்றுவிடும் என்ற பயம் நியாயமான பயம்தான். நம் மஹல்லாவில் அப்படி நடந்தும் இருக்கிறது. அதனால் மாத்திரையை அட்டையிலிருந்து பிரித்து டப்பாவில் போட்டு வைக்கிறோம். தெருமுனை டாக்டரிடம் காய்ச்சலுக்குப் போனால்கூட "வேறு மருந்து சாப்பிடுகிறாரா?" என்ற கேள்விக்கு இல்லை என்கிறோம். மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021இல் தொடங்கியதிலிருந்து சுகருக்கும் பிரஷருக்கும் வீடு தேடி வந்து பார்க்கிறார்கள். அவர்கள் வந்தால் ஆப்பாவை உட்கார வைக்கிறோம், உம்மா உட்காருகிறார், உள் அறையில் இருப்பவரை மட்டும் கூப்பிடுவதில்லை. அவருக்குத்தான் முதலில் பார்த்திருக்க வேண்டும். அடுத்த முறை அவரையும் நாற்காலியில் உட்கார வையுங்கள். என்ன மாத்திரை என்று உறவினருக்கும் அண்டை வீட்டாருக்கும் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. டாக்டருக்கும் நர்ஸுக்கும் சொல்லத்தான் வேண்டும். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் நோயாளியின் விவரத்தை இரகசியமாக வைக்கும் பொறுப்பை அவர்கள் மேல் சுமத்தியிருக்கிறது.

அந்தச் சட்டத்தைப் பற்றிப் பேசும்போது ஏர்வாடியை நினைக்காமல் இருக்க முடியவில்லை. 2001 ஆகஸ்ட் 6ஆம் தேதி விடியற்காலையில் அங்கிருந்த ஒரு மனநோய்க் காப்பகத்தில் தீப்பிடித்து, சங்கிலியில் கட்டப்பட்டிருந்தவர்கள் தப்ப முடியாமல் 28 பேர் உயிரிழந்தார்கள். சங்கிலியில் கட்டுவதை இன்றைய சட்டம் தடை செய்கிறது. துஆவோடு மருந்தும் வேண்டும் என்று நம்மிடையே பலர் ஒப்புக்கொண்டதும் அந்த நெருப்புக்குப் பிறகுதான். ஆனால் பேச்சு அங்கேயே நின்றுவிட்டது. மருந்து கிடைத்ததா என்று கேட்கக் கற்றோம், மருந்து சாப்பிடுகிறவரின் காலில் புண் ஆறுகிறதா என்று கேட்க இன்னும் கற்கவில்லை.

வெறும் வயிற்றில் இரத்தம் எடுப்பது கேட்பதற்குச் சின்ன விஷயம். ராத்திரி மாத்திரை போட்டவர் காலை 10 மணிக்கு முன் எழுந்திருப்பதே பெரும்பாடு. லேப்பில் 7 மணிக்கு வரச் சொல்கிறார்கள். எழுப்பினால் கோபம், எழுந்தால் முதல் வேலை டீ. அதோடு அன்றைய டெஸ்ட் போயிற்று. இன்னும் சிலருக்கு நோயின் சந்தேகமே ஊசியின் மேல் திரும்பும், "என் இரத்தத்தை எங்கே அனுப்புகிறார்கள்?" என்பார். சண்டை போடாமல், வாதம் செய்யாமல், அவர் நம்பும் ஒருவர் கூடப் போவது பலன் தரும். வெறும் வயிறு முடியவே முடியாது என்றால் ஹெச்.பி.ஏ.ஒன்.சி என்ற டெஸ்ட் இருக்கிறது. மூன்று மாதச் சராசரியைக் காட்டும், சாப்பிட்டுவிட்டும் எடுக்கலாம். 6.5 அல்லது அதற்கு மேல் என்றால் சுகர். டாக்டரிடம் கேட்டு அதை எழுதி வாங்குங்கள்.

நோயாளி வலியைச் சொல்வதே குறைவு. சொன்னாலும் நம்புவது அதைவிடக் குறைவு. "நெஞ்சில் பாரமாக இருக்கு" என்று அவர் சொன்னால் வீட்டில் ஒருவர் மற்றவரைப் பார்த்து, பழையபடி ஆரம்பித்துவிட்டது என்று கண்ணால் சொல்லிக்கொள்கிறோம். ஆஸ்பத்திரியிலும் சில சமயம் அதே பார்வைதான். அவசரப் பிரிவில் இருந்து இ.சி.ஜி. எடுக்காமலேயே மனநலப் பிரிவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டவர்கள் உண்டு. மனநோய் உள்ளவருக்கும் இதயம் ஒன்று இருக்கிறது என்பதை உரக்கக் கேட்க வேண்டிய வேலை கூடப் போகிறவருடையது.

பெண்களின் விஷயம் தனியாகச் சொல்ல வேண்டியது. ரிஸ்பெரிடோன், அமிசல்பிரைடு போன்றவை சிலருக்கு புரோலாக்டின் என்ற ஹார்மோனைக் கூட்டும். மாதவிடாய் நின்றுபோகும், பிள்ளை பெறாதவருக்கும் மார்பில் பால் கசியும். கல்யாணமாகாத பெண்ணுக்கு இப்படி ஆனால் வீட்டில் என்னென்ன சந்தேகம் எழும் என்று விளக்க வேண்டியதில்லை. அந்தப் பெண் வெட்கத்தால் யாரிடமும் சொல்வதில்லை. உம்மா கவனித்தாலும் டாக்டர் ஆண் என்பதால் வாய் திறப்பதில்லை. இது மருந்தால் வருவது, இரத்தத்தில் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம், மருந்தை மாற்றினாலோ குறைத்தாலோ பெரும்பாலும் சரியாகிவிடும். இடுப்பளவு எடுக்கவும் எடை பார்க்கவும் பெண் நர்ஸைக் கேட்பதில் தவறே இல்லை. அதுவும் கூச்சமாக இருந்தால் வீட்டிலேயே இஞ்ச் டேப்பால் தொப்புள் மட்டத்தில் அளந்து எழுதிக்கொண்டு போகலாம்.

ரிப்போர்ட் எடுத்த பிறகு அது பீரோவில் தூங்குவதும் உண்டு. அடுத்த மாதம் ஓ.பி.யில் வேறு டாக்டர், கேட்கவில்லை, நாமும் நீட்டவில்லை. சிலர் வேண்டுமென்றே நீட்டுவதில்லை. சுகர் என்று தெரிந்தால் மருந்தை நிறுத்திவிடுவார்கள், பழைய நிலை திரும்பிவிடும் என்ற பயம். டாக்டர் செய்வது பெரும்பாலும் அப்படி இருக்காது. எடை கூட்டாத மருந்துக்கு மெதுவாக மாற்றுவார், அல்லது அதே மருந்தை வைத்துக்கொண்டு மெட்ஃபார்மின் சேர்ப்பார், உணவும் நடையும் சொல்வார். திடீரென்று நீங்களாக நிறுத்துவதுதான் ஆபத்து.

ரமலானில்

இரவில் ஒரு வேளை மட்டும் மாத்திரை உள்ளவர்களுக்கு நோன்பில் பெரிய சிரமம் இருக்காது. தராவீஹ் முடிந்து போட்டுக்கொள்ளலாம், ஸஹருக்கு எழுப்புவதற்குத்தான் ஆள் வேண்டும். காலை மாலை என இரண்டு வேளை உள்ளவர்கள், சுகருக்கும் சேர்த்து மருந்து எடுப்பவர்கள், ஷஃபான் மாதத்திலேயே டாக்டரைப் பார்த்து நேரத்தை மாற்றி எழுதி வாங்க வேண்டும். டாக்டர் நோன்பு வேண்டாம் என்றால் அதற்கு மார்க்கத்தில் இடம் உண்டு என்பதை நீங்கள் அறிவீர்கள். குளோசபின் சாப்பிடுகிறவர் பீடி, சிகரெட் பழக்கம் உள்ளவராக இருந்து திடீரென்று நிறுத்தினால் இரத்தத்தில் மருந்தின் அளவு ஏறிவிடும். நிறுத்துவது மிக நல்ல காரியம்; டாக்டரிடம் சொல்லிவிட்டு நிறுத்துங்கள்.

இன்னொன்று, வெறும் வயிற்று டெஸ்டுக்கு ரமலான் மிக வசதியான மாதம். ஸஹர் முடித்து 8 மணி நேரம் கழித்து, லுஹர் தொழுகைக்குப் பிறகு இரத்தம் கொடுத்தால் போதும், காலை 7 மணிக்கு எழுப்பிச் சண்டை போட வேண்டியதில்லை. டெஸ்டுக்குக் கொஞ்சம் இரத்தம் எடுப்பதால் நோன்பு முறியாது என்பதே பெரும்பாலான உலமாக்களின் கருத்து. ஐயம் இருந்தால் உங்கள் பள்ளி இமாமிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

காத்திருக்கக் கூடாத சில அடையாளங்கள் உண்டு. குளோசபின் சாப்பிடுகிறவருக்குக் காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தால் அன்றே இரத்தம் பார்க்க வேண்டும். அதே மருந்தில் இரண்டு மூன்று நாள் மலம் போகாவிட்டால் அலட்சியம் வேண்டாம், குடல் அடைத்து உயிருக்கே ஆபத்தாகலாம். எந்த ஆன்டிசைக்கோட்டிக் மருந்திலும் கடுங்காய்ச்சலோடு உடம்பு கட்டைபோல் விறைத்து, பேச்சு குழம்பினால் 108க்குப் போன் செய்யுங்கள். அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர், வாந்தி, அசதி சேர்ந்து வந்தால் உடனே சர்க்கரை பார்க்க வேண்டும். நெஞ்சு வலியைப் பற்றி மேலே சொல்லிவிட்டோம்.

வீட்டில் ஒரு நாற்பது பக்க நோட்டு போதும். மாதத்தின் முதல் வெள்ளி, ஜும்ஆவுக்குக் குளிக்கும் முன் எடையும் இடுப்பளவும் எழுதுங்கள். மருந்தின் பெயரும் அளவும் முதல் பக்கத்தில். ரிப்போர்ட்டை அதே நோட்டில் ஒட்டிவிடுங்கள். டாக்டர் கேட்காவிட்டாலும் நோட்டை மேஜையில் விரித்து வைத்தால் அவர் பார்வை அதில் விழாமல் போகாது.

எடை பார்க்கும் மெஷினும் பிரஷர் கருவியும் நம் அறக்கட்டளை அலுவலகத்தில் இருக்கின்றன. தினமும் அஸருக்குப் பிறகு வரலாம். ஞாயிறு காலை பெண்களுக்கு மட்டும், பெண் ஊழியர் இருப்பார். யாருக்காக, என்ன மருந்துக்காக என்று கேட்க மாட்டோம், பெயர் எழுதும் பதிவேடும் கிடையாது. லேப் செலவுக்குச் சிரமப்படுகிறவர்கள் செயலாளரிடம் தனியாகச் சொல்லலாம். மருந்து பற்றிய சந்தேகத்துக்கு அரசின் டெலி மானஸ் 14416 எண்ணில் எந்த நேரமும் கட்டணமில்லாமல் தமிழிலேயே பேசலாம்.